இரு பக்கமும் ஒரே வீடு

"படி இருக்கு, பாத்து" என்று சொல்லிக்கொண்டே தம்பி பின்பக்கமாக நடந்து வெளியே வந்தான். ஸ்ட்ரெச்சரின் முன்முனை அவன் கையில் இருந்தது. மேற்கு வீட்டு வாசல் ஒரு ஆள் அகலம்தான். பக்கவாட்டில் நின்று பிடிக்க இடமில்லாததால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று அப்பாவைக் கொஞ்சம் சாய்த்துத்தான் கொண்டுவர முடிந்தது. வெளியே வந்ததும் இன்னும் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். இனி பன்னிரண்டு எட்டு நடைதான். பாதையைக் கடந்தால் கிழக்கு வீடு. அங்கே கூடத்தில் பெஞ்சை இழுத்துப்போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள்.

பாதையின் நடுவில் வரும்போது கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது.

மகள் அப்பாவின் தலையணையை வைத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தாள். ஹாரன் கேட்டதும் தலையணையைப் பக்கத்தில் வந்த அத்தையின் கையில் திணித்துவிட்டு நேரே கேட்டுக்குப் போனாள். தாழ்ப்பாளைத் தூக்கி, வலது கதவுக்குத் தோள் கொடுத்துத் தள்ளினாள். அது பாதி திறந்த பிறகுதான் தம்பி கூப்பிடுவது காதில் விழுந்தது.

"அக்கா, என்னக்கா பண்ற?"

என்ன பண்ணுகிறோம் என்று அவளும் அப்போதுதான் பார்த்தாள். வெளியே சலவைத் துணி ஏற்றி வந்த வேன் நின்றது. வாராவாரம் வருகிற டிரைவர்தான். ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அவர் போகட்டும்மா. நான் நிக்கிறேன்" என்றார்.

நாற்பத்திரண்டு வருஷம் எல்லோரையும் உள்ளே விட்டவருக்கு முதல் தடவையாக ஒரு வண்டி காத்துக்கொண்டு நின்றது. அப்பா அதைப் பார்த்திருந்தால் கூச்சப்பட்டு ஓரமாக ஒதுங்கியிருப்பார்.

இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. அரை மைல் உள்ளே தள்ளி இருக்கிற பங்களாவைக் கட்டிய பழைய முதலாளி, பங்களாவுக்கும் முந்தி வாசலைத்தான் கட்டினார். வருகிற விருந்தாளி வண்டியில் உட்கார்ந்தபடியே வாயைப் பிளக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பாதையின் இரண்டு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல எட்டு மூலைக் கல்வீடுகள் இரண்டு, இரண்டையும் சேர்த்து மேலே ஒரு வளைவு, வளைவுக்கு அடியில் இரும்புக் கேட்டு. எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்காரன் எங்கே குடியிருப்பான் என்று யாரோ ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். அந்த இரண்டுக்குள்ளேயே பங்கு போட்டு இருந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். கிழக்கு வீட்டில் சமையலறை, கூடம், குளியலறை. மேற்கு வீட்டில் கீழே ஒரு படுக்கை, மேலே ஒரு படுக்கை. சாப்பிட ஒரு வீடு, தூங்க ஒரு வீடு, நடுவில் ஊர் உலகம் எல்லாம் போகிற பாதை. மழைக்காலத்தில் இரண்டு வாசலிலும் குடை இருக்கும். எப்படியோ இரண்டு குடையும் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். "நாங்கெல்லாம் மூணு வேளையும் வெளியூர் போய்த்தான் சாப்பிடறது" என்று அம்மா இருந்தவரை வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த மனிதர் செய்த வேலைகள் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு வீட்டுக்கும் புகைபோக்கி உண்டு, புகை வருவது கிழக்கில் மட்டும்தான். மேற்குப் புகைபோக்கிக்குக் கீழே அடுப்பே கிடையாது. கேட்டுத் தூண் இரண்டிலும் பித்தளைக் கைப்பிடி இருக்கும். மேற்குத் தூணில் இருப்பதை இழுத்தால் மணி அடிக்கும். கிழக்கில் இருப்பது கல்லோடு சேர்த்துப் பதித்த வெறும் அலங்காரம். புதிதாக வருகிறவர்கள் அதைப் பிடித்து மல்லுக்கட்டுவதை அப்பா சமையலறையிலிருந்து கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத்தான் எழுந்து போவார்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஜன்னல். கிழக்கு வீட்டுச் சமையலறை ஜன்னல் பாதையைப் பார்த்து இருக்கிறது. அதற்கு நேரெதிரே மேற்கு வீட்டிலும் அதே அளவில் ஒரு ஜன்னல். ஆனால் அது ஜன்னல் இல்லை. உள்ளே மாடிப்படி வந்துவிட்டதால் சுவரை அடைத்து, வெளியே மட்டும் கல்லில் சட்டம் செதுக்கி, நடுவில் கறுப்புப் பெயின்ட் அடித்து, கண்ணாடி மாதிரி வெள்ளைக் கோடு இழுத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அப்பா ஏணி போட்டு ஏறி அதற்குப் பெயின்ட் அடிப்பார். அம்மா கீழே நின்று, "அப்படியே ஒரு திரையும் வரைஞ்சிடுங்க, வெளிய இருந்து யாராவது பாக்கப் போறாங்க" என்பாள். மகள் பாத்திரம் தேய்க்கிற இடத்திலிருந்து நிமிர்ந்தால் அந்த ஜன்னல்தான் தெரியும். அதற்குப் பின்னால்தான் அப்பாவின் கட்டில். நாற்பத்தாறு வருஷமாகப் பார்த்தும் உள்ளே எதுவும் தெரிந்ததில்லை.

போன வருஷம் பழைய கட்டடங்களை அளவெடுக்கிற வேலையாக ஒரு பெண் வந்தாள். மூன்று நாள் டேப் பிடித்து, படம் வரைந்து, போகிறபோது அப்பாவிடம் சொன்னாள்: "இதக் கட்டினவருக்கு நல்ல மூளைங்க ஐயா. உள்ள ஆள் இருப்பாங்கன்னுதான் அவருக்குத் தோணல." அப்பா அதை ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கூடத்தில் பெஞ்சின் மேல் அப்பா இப்போது சிரிக்கிறவர் மாதிரி இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ கேட்க வந்து மறந்துபோனவர்போல. அத்தை தலையணையை வைத்து, வேட்டி மடிப்பைச் சரிசெய்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. தாத்தா கேட்டு வேலை பார்த்த காலத்தில் இந்த வீட்டில்தான் பிறந்தாள், பதினெட்டு வயதுவரை இந்த மணிக்குத்தான் ஓடினாள்.

"தூக்கத்துலயே போயிட்டானாமே" என்றாள் அத்தை.

"ஆமா அத்தை."

"கூப்பிடக்கூட இல்லையா?"

"இல்ல அத்தை."

"கூப்பிட மாட்டான். எங்கண்ணன் யாருக்கும் சிரமம் குடுக்க மாட்டான். குடுத்து வச்சவன்."

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அத்தையே சொல்லிக்கொண்டாள். தூக்கத்துலயே, சத்தமில்லாம, யாரையும் கூப்பிடாம. பால்காரர் வந்தார், தபால்காரர் வந்தார், பங்களாவில் தோட்ட வேலை பார்க்கிறவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் கேட்டுவிட்டு முகம் இளகி, நல்ல சாவு என்று தலையசைத்தார்கள். மகளைப் பார்த்து, "கடைசிவரைக்கும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்ட" என்றார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் டீ டம்ளர்களைச் சேகரித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. அப்பா இல்லை என்கிற துக்கம் இன்னும் வந்துசேரவில்லை. அதற்கு முன்னால் இந்தப் பயம் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

நடந்தது இதுதான். அப்பாவுக்குப் போன மழையிலிருந்து நெஞ்சில் சளி. எழுந்து பாதையைக் கடந்து வர முடியவில்லை என்பதால் சாப்பாடு அவரிடம் போயிற்று. குரல் கம்மிவிட்டது. இரண்டடிக் கல்சுவரைத் தாண்டி அது எங்கே கேட்கும்? அதனால் செல்போனில் ஒரு ஏற்பாடு. ஒரு மிஸ்டு கால் என்றால் டீ, இரண்டு என்றால் வா. அப்பாவுக்கு அதில் ஒரு குஷி. சில நாள் இரண்டு மிஸ்டு கால் கொடுத்து, அவள் ஓடிப்போய் நின்றால், "ஒண்ணுமில்ல பாப்பா, வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்பார். நாற்பத்தாறு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

நேற்றுக் காலை பத்து மணி இருக்கும். அவள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். சமையலறையில் மணி அடித்தது. கேட்டு மணி.

இந்த வீட்டில் மணி அடித்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. தவழ்கிற வயதில் தம்பி மணிச் சத்தம் வந்தாலே கேட்டுப் பக்கம் தவழ்ந்தான் என்று அம்மா சொல்வாள். இழுக்கிற இழுப்பை வைத்தே வந்திருப்பது யார் என்று அப்பா சொல்லிவிடுவார். கூரியர்காரன் மூன்று தடவை வெடுக்கென்று இழுப்பான், இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் பயந்து பயந்து இழுப்பார்கள். பங்களா இப்போது ஒரு கம்பெனியின் பயிற்சி மையம். அப்பா ஓய்வு பெற்ற பிறகு கேட்டு வேலையை அவளுக்கே போட்டுக்கொடுத்திருந்தார்கள். நேற்று அடித்த அடி யாருடையது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். கேட்டில் ஆள் நுழைகிற சின்னத் திட்டிக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. எதிரே ஸ்டாப்பிலிருந்து பஸ் அப்போதுதான் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பொழுது போகாமல் கைப்பிடியை இழுத்துவிட்டு ஏறிப் போவது வழக்கம்தான். வேலையத்ததுகள் என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பினாள். திரும்பும்போது அப்பாவின் வாசல் பத்து எட்டில் இருந்தது. ஒரு நடை பார்த்துவிடலாமா என்று நினைத்தாள். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுப்பில் கஞ்சி பொங்கிவிடும் என்று வந்துவிட்டாள்.

அடுப்பைக் குறைத்து, உப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தபோது மணி மறுபடி அடித்தது. இந்தத் தடவை முழுசாகக்கூட இல்லை, பாதி அடி. நாக்கு மணியைத் தொட்டும் தொடாமலும் ஒரு சத்தம்.

அவள் போகவில்லை. "அடிங்க, நல்லா அடிங்க. உங்களுக்கு ஓடி வர்றதுதான் எனக்கு வேலையா" என்று மணியைப் பார்த்துச் சொன்னாள். வாய்விட்டே சொன்னாள். கஞ்சியை ஆற்றி, தட்டில் வைத்து, மூடி, அதற்குப் பிறகு முகம்கூடக் கழுவிக்கொண்டாள். இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

கஞ்சியோடு பாதையைக் கடந்து உள்ளே போனபோது அப்பாவின் வலது கை சுவரில் தூக்கினபடி இருந்தது. வெளியே கைப்பிடியிலிருந்து வருகிற மணிக்கம்பி அந்த அறைச் சுவரோரமாக, கட்டிலுக்கு ஒரு முழம் மேலே, கொக்கி கொக்கியாக மாட்டிக்கொண்டு போய், வளைவுக்குள் ஏறி, சமையலறை மணிக்கு வருகிறது. ஒரு கொக்கி சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது. கம்பி தொய்ந்து அவர் விரல்களுக்குள் இருந்தது. செல்போனைத் தேடினாள். எட்டு மூலை அறையில் எந்தக் கட்டிலும் சுவரோடு ஒட்டாது, தலைமாட்டில் எப்போதும் ஒரு முக்கோணச் சந்து விழும். அதற்குள் தூசியோடு தூசியாகப் போன் கிடந்தது. இத்தனை வருஷம் அந்தக் கம்பி பக்கத்தில் படுத்தவர், உள்ளேயிருந்து அதை ஒரு நாளும் தொட்டதில்லை. அது வருகிறவர்களுக்கானது.

அவள் விரல்களைப் பிரித்துக் கையை இறக்கி வைத்தாள். கண்ணை மூடிவிட்டாள். பிறகு, ஏன் செய்தாள் என்று இப்போதும் தெரியவில்லை, அவருடைய துண்டை எடுத்துக் கம்பி தொங்கிய இடத்தை மறைத்து மாட்டிவிட்டுத்தான் தம்பிக்குப் போன் செய்தாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். நான்கு மணி நேரப் பயணம் இருக்கிற ஊரில் வீடு வாங்கி, இரண்டு வருஷமாக இவர்களை அங்கே வரச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு வீட்டுக்கு நடுவுல ரோடு போகுது. அந்தப் பக்கம் ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் பக்கம் தெரியாது. இதெல்லாம் ஒரு வீடாக்கா?" என்பான். அப்பா ஒரு நாள் பாதி மனதாக, "அவன் சொல்றதும் சரிதானே பாப்பா, போயிடலாமா?" என்றார். "அங்க எந்தக் கேட்டத் தொறப்பீங்க?" என்று கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டார். போக மனமில்லாதது அவருக்கு இல்லை, அவளுக்குத்தான். இங்கே வருகிற போகிற எல்லோருக்கும் அவளைத் தெரியும், யாரும் அவளைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. தம்பியிடம், "நான் இருக்கேன்ல, எனக்குக் காது இருக்குல்ல" என்று போனில் சொன்னாள். அதுவும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இன்று பதினோரு மணிக்குப் பயிற்சி மைய மேனேஜர் மலர் வளையத்தோடு வந்தார். கூடத்தில் நிற்கும்போது அவர் கண் கூரையிலும் ஜன்னலிலும் போய்ப் போய் வந்தது.

"வீட்டப் பத்தி இப்போ எதுவும் பேச வேண்டாம்மா" என்றார்.

யாரும் பேசவில்லையே என்று தம்பி அவரையே பார்த்தான். மேனேஜர் டீயைக் குடித்து முடிக்காமலே கிளம்பினார்.

மதியம் ஒரு மணிக்கு வண்டி வந்தது. வளைவுக்கு அடியில் பின்பக்கத்தை விட்டு நிறுத்தினார்கள். அப்பாவை ஏற்றும்போது அவளுடைய கை கேட்டுத் தாழ்ப்பாளின் மேலேயே இருந்தது. ஆபீஸிலிருந்து அனுப்பிய காவலாளி, "நீங்க போங்கம்மா, நான் சாத்திக்கிறேன்" என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் ஏறினாள். மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மண்ணா, காற்றா என்று தெரியாமல் கண் எரிந்துகொண்டே இருந்தது. அழவில்லை. அத்தை அழுதாள், வேன் டிரைவர்கூட அழுதார். அவளைப் பார்த்து எல்லோரும் நெஞ்சுரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு காலியாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று தம்பி மனைவி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், போகிற வழியில் இறக்கிவிடுவதாக அத்தையையும் ஏற்றிக்கொண்டாள். தம்பி இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னான். அவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அழுகை வந்தால் எதையாவது கழற்றி மாட்டுவான். அம்மா போனபோது தையல் மிஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. "அப்பா சாமானையெல்லாம் ஒழுங்கு பண்றேன்" என்று மேற்கு வீட்டுக்குள் போனான்.

அவள் தொட்டியில் டம்ளர்களைப் போட்டு சோப்பு நுரையில் கையை விட்டாள். அறுபது டம்ளராவது இருக்கும். ஒன்றைத் தேய்க்கிற நேரத்துக்கு மூன்றாக எடுத்துத் தேய்த்தாள். மேற்கு வீட்டில் பீரோ நகர்த்துகிற சத்தம் வந்தது, பிறகு சத்தம் நின்றது. துண்டை எடுத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்றால் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

தம்பி பாதையைக் கடந்து வந்தான். சமையலறை வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டினான். கொக்கி இருந்தது, வேரில் ஒட்டிய காரையோடு.

"அக்கா, அப்பா கட்டில்கிட்ட மணிக்கம்பி தொங்குது."

"பழசாயிடுச்சு."

"பழசுன்னா துருப்பிடிச்சு உதிரும். இது வளைஞ்சிருக்கு பாரு. இழுத்திருக்காங்க."

இருபது வருஷமாகக் கம்பிகளோடு குடும்பம் நடத்துகிறவனிடம் இதற்கு மேல் என்ன சொல்வது? அவள் ஒரு டம்ளரை அலசிக் கவிழ்த்தாள். அவன் நகரவில்லை.

"நேத்து மணி அடிச்சுதா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? காலையிலிருந்து அந்த வார்த்தை நாக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது, அத்தைக்குச் சொன்னது. ஆனால் இவன் தவழ்கிற வயதிலிருந்து அவள் இடுப்பில் வளர்ந்தவன்.

"அடிச்சுது" என்றாள்.

"நீ?"

"கேட்டுக்குப் போனேன்."

தம்பி கொக்கியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"யாரும் இல்ல. பஸ்ஸு அப்பத்தான் போச்சு. அங்க நின்னவங்க யாரோ இழுத்துட்டாங்கன்னு நெனச்சேன். திரும்பிட்டேன்."

"அப்பா கதவத் தாண்டித்தானக்கா திரும்பின."

"ஆமா."

"பாக்கலயா?"

"பாக்கலடா. அடுப்புல கஞ்சி இருந்துச்சு."

சொன்ன பிறகு காது இரண்டும் அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. வரச் சொன்னேனே, எத்தனை தடவை சொன்னேன், உனக்குக் காது இருக்குன்னியே என்று அவன் ஆரம்பித்தால், மீதியையும் அவளே கொட்டிவிடுவாள். அவன் கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். வெளியே ஒரு வண்டி வந்து, காவலாளி கேட்டைத் திறந்து, சாத்தினான். பழக்கமில்லாத கை, கதவு தரையில் உரசிக் கிறீச்சிட்டது.

"எத்தன தடவ அடிச்சுது?" என்று கேட்டான் தம்பி.

அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் டம்ளருக்குள் விழுந்து, நிறைந்து, வழிந்தது. அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வயது ஆண், கன்னத்தில் இரண்டு நாள் தாடி, கண் சிவந்திருந்தது. அவன் கேட்டது விசாரணை இல்லை. அவனுக்கு எதையோ பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஒரு தடவ" என்றாள்.

"ஒரே தடவதானா?"

"ஆமாடா."

தம்பி பெரிதாக மூச்சு விட்டான். தோள்கள் இறங்கின.

"அப்ப நீ என்ன பண்ணுவ? நானா இருந்தாலும் கேட்டுக்குத்தான் ஓடியிருப்பேன். மணி அடிச்சா கேட்டுன்னுதானக்கா நம்மள வளத்தாரு. அவருக்கே அது தெரியும்" என்றான். எழுந்து வந்தான். "இன்னொரு தடவ இழுத்திருந்தார்னா நீ கண்டிப்பா உள்ள போய்ப் பாத்திருப்ப. எனக்குத் தெரியாதா உன்ன? அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அவ்வளவுதான். நீ இதப் போட்டு மனசக் கொழப்பிக்காத."

அவன் கொக்கியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, சின்ன வயதில் செய்வதுபோல, அவள் தோளில் நெற்றியை வைத்து முட்டிக்கொண்டான். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. முதுகு குலுங்கக் குலுங்க அழுதான். அவளுடைய இரண்டு கையிலும் முழங்கைவரை சோப்பு நுரை. அவன் சட்டை நனைந்துவிடும் என்று இரண்டு கையையும் அவன் முதுகில் படாமல் அகலமாகத் தூக்கியே வைத்துக்கொண்டு நின்றாள். நுரை முழங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.